கார் ஒழுகிய தெரு

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு சின்ன ஊரில், கிணறு தோண்டினாலும் உப்பு, குழாய் இறக்கினாலும் உப்பு, குளித்து எழுந்தால் தலைமுடி தேங்காய் நார், அடுப்பில் போட்ட பருப்பு மத்தியானம் வரைக்கும் வேகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் என்கிற லட்சணத்தில் இருந்த பண்டகசாலைத் தெருவில், உப்பு மூட்டைக்கு எடை போடும் சுயம்புலிங்கம் தன்னுடைய பழைய வெள்ளைக் காரைத் தானே பிரித்துத் தானே மாட்டினார், மாட்டிய மறுநாள் கார் ஒழுக ஆரம்பித்தது. அவர் செய்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் தெரு செய்த வேலை.

மனுஷன் கை சும்மா இருக்கமாட்டாமல் பிரித்தார் என்று அவர் பெண்டாட்டி பட்டுக்கனி சொல்வாள், அது பாதிதான் உண்மை. ஒரே மகள் பொன்செல்வியைக் கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள், அவள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், அதில் பேச்சே இல்லை. ஏழாம் மாதம் வளையல் போட்ட கையோடு கூட்டிவர வேண்டும், அப்போது தவறினால் எட்டாம் மாதம் ஆகாது, ஒன்பது பிறந்ததும் போய்க் கூட்டிவர வேண்டும். வளையல் போட்ட அன்று பொன்செல்விக்குக் காய்ச்சல், கூட்டிவரவில்லை. புறப்படும்போது சம்பந்தியம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஒம்பதுல எப்படிக் கூட்டிட்டுப் போவீக, பஸ்லயா? இல்ல நாங்களே ஒரு வண்டி பேசித் தரட்டுமா?" என்றாள். நல்ல மனசோடு கேட்டாளா, குத்திக் கேட்டாளா என்று அவளுக்கே தெரியுமோ என்னவோ, சுயம்புலிங்கத்துக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில், "எம்பிள்ள பஸ்லயும் ஏற மாட்டா, வாடகை வண்டியிலயும் ஏற மாட்டா. ஒம்பது பொறந்ததும் எங்காரக் கொண்டாந்து இந்த வாசல்ல நிறுத்துவேன், எம்பிள்ளைய முன் சீட்டுல உக்காத்தி நானே ஓட்டிட்டுப் போவேன்" என்றார். போர்த்திய சால்வைக்குள் பொன்செல்வி சிரித்தாள். அப்பா சொன்னால் வருவார் என்று நம்பிய சிரிப்பு அது.

கார் அப்போது இருந்த இருப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள். தெரு முனையில், சரிவு முடிகிற இடத்தில், கரண்டுக் கம்பத்தை ஒட்டித் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது, அதற்கடியில் பேச்சியக்காவின் வெள்ளாடு குட்டி போட்டு வளர்த்திருந்தது. சுயம்புலிங்கம் போனில் வீடியோக்களாகப் பார்த்தார். காரைப் பிரிக்கிறவர்கள், மாட்டுகிறவர்கள், இந்தியில் பேசுகிறவர்கள், பேசாமலே செய்து காட்டுகிறவர்கள் என்று எல்லாரையும் பார்த்து முடித்து, ஒரு நாள் ஆயிலை இறக்கினார், குழாய்களைக் கழற்றினார், பிளக்குகளைத் துடைத்தார், கழற்றியதையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவி வாழையிலையில் பரப்பி வைத்தார். அடுத்த நாள் சரஸ்வதி பூசை. பட்டுக்கனி அரிவாள்மணைக்குச் சந்தனம் வைத்தாள், தையல் மிஷினுக்கு வைத்தாள், தேங்காய் துருவிக்கு வைத்தாள், கார்ச் சாமான்கள் விரித்த இலையையும் அப்படியே தூக்கிப் பூசையில் வைத்து ஒவ்வொரு நட்டுக்கும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் சந்தனமும் குங்குமமும் அப்பினாள். பூசையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது. மறுநாள் எடுத்து மாட்டும்போது, ஆயில் இறக்கும் போல்ட்டுக்குப் போடுகிற செம்பு வாசர் ஒன்று, காசு அளவுதான் இருக்கும், சந்தனத்தோடு காய்ந்து இலையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. இலை சுருண்டு ஆட்டுக்குப் போனது. ஆடு இலையைத் தின்றது. வாசர் என்ன ஆனது என்று சொல்ல ஆட்டுக்கு வாயில்லை.

வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது! சுயம்புலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார். காலையில் பார்த்தால் காருக்கு அடியில் ஈரம்.

தெருவுக்கு வைத்தியம் சொல்லக் கேட்க வேண்டுமா? டீக்கடையில் நின்றவர்களெல்லாம் டம்ளரோடு வந்து குனிந்து பார்த்தார்கள். கறுப்பாக இருந்தால் என்ஜின் ஆயில் என்றார் ஒருவர், பச்சை என்றால் ரேடியேட்டர் என்றார் இன்னொருவர், சிவப்பு என்றால் கோவில்பட்டியை மறந்துவிட வேண்டியதுதான் என்று எதுவும் தெரியாத ஒருவர் சொன்னார். சுயம்புலிங்கம் வீடியோவில் பார்த்தபடி அட்டைப்பெட்டியைக் கிழித்து அடியில் விரித்து வைத்து, மறுநாள் இழுத்துப் பார்த்தார். அட்டை நனைந்திருந்தது, நிறம் ஒன்றும் இல்லை. நிறமில்லை என்றால் ஏசித் தண்ணீர் என்று வீடியோ சொல்லியது. அந்தக் காரில் ஏசி செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார், ஆயில் அளவாக இருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தார், அதுவும் நிறைந்திருந்தது. உள்ளே எதுவும் குறையாமல் வெளியே ஒழுகிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் ரொசாரியோ வந்தார். சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்துக் காருக்கடியில் போனார், கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பிறகு அடியிலிருந்தே பேசினார்.

"அண்ணாச்சி, ஆயில் போல்ட்டுல வாசர் இல்ல. அங்ஙன இருந்துதான் ஒழுகுது."

"ஆயிலா?"

"ஆயில் இல்ல." விரலில் ஒரு சொட்டைப் பிடித்து மோந்து, நாக்கில் வைத்துப் பார்த்தார் போலிருக்கிறது, சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது. "நல்ல தண்ணி."

"ஆயில் போற வழியில நல்ல தண்ணி எப்படிய்யா வரும்?"

"சில வண்டி அப்படித்தான்" என்றார் ரொசாரியோ, கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து. "ஒரு வாசரப் போட்டு ரெண்டு திருகு திருகுனா நின்னுரும். கோவில்பட்டி என்ன, மெட்ராஸுக்கே போவலாம். போட்டுறட்டா?"

"போடும்" என்று சுயம்புலிங்கம் வாயைத் திறந்தார். அதற்குள் பேச்சியக்கா இடுப்பில் பச்சைக் குடத்தோடு வந்து நின்றாள். அவள் அவருக்கு அக்காவுமில்லை தங்கையுமில்லை, தெருவுக்கே அக்கா. "தம்பி, தண்ணி லாரிக்காரன் மூணு நாளா வரல. ஒரே ஒரு கொடம் புடிச்சிக்கிடுதேன். பெறவு மாட்டிக்கிடுங்க" என்றாள்.

ஒரு குடம்தானே! அவர் சரியென்றார். பேச்சியக்கா சருவச்சட்டியை அடியில் தள்ளிப் பிடித்துப் பிடித்துக் குடத்தில் ஊற்றினாள், அதற்குள் அவள் பின்னால் ஒரு சிவப்புக் குடம் நின்றது, அதன் பின்னால் ஒரு நீலம். ரொசாரியோ வாசரைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, கூப்பிடும்போது வருகிறேன் என்று போனார். அந்தத் தெருவில் குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஆளை விரட்டலாம், குடத்தை யாராலும் விரட்ட முடியாது.

அப்படித்தான் ஆரம்பித்தது. கார் சும்மா நின்றால் சொட்டு, என்ஜினை ஓடவிட்டால் விரல் தண்டிக்கு வரும் என்று கண்டுபிடித்தார்கள். உடனே வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பாட்டிலில் பெட்ரோல் கொண்டுவந்து ஊற்ற, கார் காலையிலிருந்து பொழுதடையும் வரை நின்ற இடத்திலேயே ஓடியது. கொத்தனார் ஒருவர் அடியிலிருந்து வெளியே தண்ணீர் ஓடிவர ஒரு சின்னத் தகரக் காடி செய்து வைத்தார். பெண்கள் முறைபோட்டுக் காடியைத் தேய்த்தார்கள். பொழுது விடிந்ததும் யாராவது பானெட்டில் ஒரு முழம் பூ வைத்தார்கள், எதற்கு வைக்கிறோம் என்று யாரும் யோசிக்கவில்லை. தெருவெல்லாம் புகை, காயப்போட்ட துணியெல்லாம் பெட்ரோல் வாசனை, ஆனால் பருப்பு வெந்தது! அரைமணி நேரத்தில் மலர்ந்து வெந்த பருப்பைப் பார்த்துப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டுக் காட்டினார்கள். டீ டீ நிறத்தில் இருந்தது. இட்லி பூவாக வந்தது, தலைமுடி கையில் வழுக்கியது. பிறந்ததிலிருந்து கரித்துக் கரித்துப் பேசிக்கொண்டிருந்த தெருவில் கொஞ்ச நாளைக்குச் சண்டையே இல்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் பொறாமையில் வெந்து, தங்கள் வண்டிகளிலும் வாசரைக் கழற்றிப் பார்த்தார்கள், ஆயில் கொட்டித் தரை நாறியதுதான் மிச்சம். பேரூராட்சியிலிருந்து ஒருவர் வந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார், குடிக்க ஏற்றது என்று சொல்லியனுப்பினார், எங்கிருந்து வருகிறது என்று அவரும் கேட்கவில்லை.

ஒரு தடவை உப்பு லாரி திரும்ப வழியில்லாமல், நாலு பேர் சேர்ந்து காரைக் கையகலம் முன்னால் தள்ளினார்கள். தண்ணீர் பட்டென்று நின்றுவிட்டது. பெண்கள் போட்ட கூச்சலில் லாரிக்காரன் லாரியை விட்டே இறங்கி ஓடினான். திரும்பத் தள்ளிப் பழைய இடத்திலேயே நிறுத்தி, சாயங்காலம் வரைக்கும் தெரு முழுக்கக் காருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பிறகுதான் ஒரு சொட்டு வந்தது. அன்றைக்கே சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டார்கள். இனி ஒரு தடவை அசைந்தால் வராது என்று பேச்சியக்கா சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

இதில் சுயம்புலிங்கத்துக்கு என்ன ஆனது என்பதுதான் விஷயம். ஆயுசு முழுக்க உப்பு மூட்டைக்கு எடை போட்டவர், எடையில் குறைத்துவிட்டார் என்று திட்டு வாங்குவதைத் தவிர அவரிடம் யாரும் நின்று பேசியதில்லை. இப்போது அவருக்குக் கம்பத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி, மேலே பெரிய குடை, மணிக்கொரு தரம் டீ. யார் குடம் முன்னால், யார் குடம் பின்னால், கல்யாண வீட்டுக்கு எத்தனை, எழவு வீட்டுக்கு எத்தனை என்று அவர் சொன்னதுதான் சட்டம். அண்ணாச்சி சாப்பிட்டாச்சா என்று கேட்காமல் ஒருவரும் தாண்டிப் போவதில்லை. எடை போடும் வேலைக்கு லீவு சொன்னார், பிறகு லீவு சொல்வதையும் மறந்தார். அவருக்கு அது பிடித்திருந்தது. அவ்வளவு பிடித்திருந்தது என்பதை அவரே ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஐப்பசி முடிவதற்குள் பொன்செல்விக்கு ஒன்பது பிறந்தது. பட்டுக்கனி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, பிள்ளைய எப்பம் கூட்டிட்டு வரப் போறீய?"

"போவணும்."

"போவணும்னு போன வாரமும் சொன்னீய. ஒரு வாசரு மாட்ட இத்தன நாளா? ரொசாரியோ தந்தது சட்டைப்பையிலதான கெடக்கு?"

"தெரு சனம் தவிச்சுப் போவும்லா."

"தெரு சனம் நேத்து வரைக்கும் லாரித் தண்ணிதான் குடிச்சுது, ஒருத்தரும் செத்துப் போவல. அங்க எம்பிள்ள வாசலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கா. நான் பஸ்ஸுல போய்க் கூட்டிட்டு வாரேன்னா அதுவும் கூடாதுங்கீய."

"சம்பந்தி முன்னால சொல்லிட்டு வந்திருக்கேன். காருலதான் கூட்டிட்டு வருவேன்."

"அந்தக் காருதான் அசைய மாட்டேங்குதே!"

அவர் சோற்றைப் பிசைந்தார். பட்டுக்கனிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. எந்தப் பேச்சை மகளுக்காகப் பேசினாரோ அந்தப் பேச்சே இப்போது மகளுக்கு எதிராக நிற்கிறதே என்று சொல்ல நினைத்தாள், சொல்லத் தெரியாமல் மோர்ச் சட்டியை ஓசையோடு வைத்தாள். சாயங்காலம் பொன்செல்வி போன் செய்தாள். அப்பா எப்போது வருகிறார் என்று அவள் கேட்கவில்லை, தண்ணீர் நன்றாக வருகிறதா என்று கேட்டாள். நன்றாக வருகிறது என்று சுயம்புலிங்கம் சொன்னார்.

விஷயம் தெருவுக்கும் தெரியும். தெரு ஒன்றும் ஈவிரக்கம் இல்லாததல்ல. எல்லாரும் சேர்ந்து நல்ல ஏசி வண்டியாகப் பேசி அனுப்புகிறோம் என்றார்கள். வாடகை வண்டியில் ஏற்றமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேனே என்றார் அவர். அதுவும் நியாயம்தான் என்று தலையாட்டிவிட்டுக் குடத்தை நகர்த்தினார்கள். பஞ்சாங்கத்தில் பட்டுக்கனி ஒரு நாள் குறித்தாள். அந்த நாள் காலையில் சுயம்புலிங்கம் புதுச்சட்டை போட்டு, ஸ்பேனரையும் வாசரையும் எடுத்துக்கொண்டு போனார். வரிசை கம்பத்திலிருந்து மாதாகோவில் வரைக்கும் நின்றது. அவர் கையில் ஸ்பேனரைப் பார்த்ததும் யாரும் சத்தம் போடவில்லை, தடுக்கவில்லை. பேச்சியக்கா மட்டும், "இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கிடுங்க தம்பி, முக்கு வீட்டுல சடங்கு" என்றாள். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் மனசு லேசானது. லேசானதை நினைத்து வெட்கமாக இருந்தது, அந்த வெட்கமும் இரண்டாவது டீயோடு போய்விட்டது.

அடுத்து வந்த நாட்களிலும் அப்படி ஏதாவது இருந்தது. ஒரு வீட்டில் காதுகுத்து, ஒரு வீட்டில் கருமாதி, ஒரு நாள் மழை வருகிற மாதிரி இருந்தது. பட்டுக்கனி கேட்பதை நிறுத்திவிட்டாள், அவருக்குச் சோறு மட்டும் போட்டாள்.

ஒரு நாள் உச்சி வெயிலில், வரிசை நீண்டு, எல்லாருக்கும் பொறுமை போயிருந்த நேரம். சுயம்புலிங்கம் குடையடியில் குனிந்து காடியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலையில் ஆள் முகம் தேவையில்லை, குடத்தின் வாய் தெரிந்தால் போதும். பச்சை நிறைந்தது, சிவப்பு நிறைந்தது, மஞ்சள் நிறைந்தது. அடுத்து நகர்ந்து வந்த இடத்தில் குடம் இல்லை. இரண்டு கால்கள் இருந்தன. வீங்கிய கால்கள், செருப்பு வார் பதிந்து, கணுக்கால் வரைக்கும் பஸ் ஸ்டாண்டுப் புழுதி.

"கொடம் எங்க?" என்றார் அவர், நிமிராமல்.

அந்தக் கால்கள் நகரவில்லை.

"கொடமில்லாம வரிசையில நின்னா எப்படி? போய்க் கொடத்தக் கொண்டாந்து கடைசியில வையி. எல்லாரும் வெயில்ல நிக்காவல்லா?"

"கொடம் கொண்டு வரலப்பா" என்றாள் பொன்செல்வி. "பஸ்ல கூட்டம். தாகமா இருக்கு."

அவர் நிமிர்ந்தார். மகள் ஒரு கையில் கட்டைப் பையும் இன்னொரு கை இடுப்பிலுமாக நின்றாள், கண்ணாடி வளையல் முழங்கை வரைக்கும். முகம் வெயிலில் கறுத்திருந்தது. கோவில்பட்டியில் ஏறி, தூத்துக்குடியில் மாறி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் குலுங்கி வந்திருக்கிறாள். வரிசையில் நின்றவர்களுக்கு அவள் வந்தது தெரிந்துதான் இருந்தது, சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்த பிள்ளைதான், ஆனால் முன்னால் போ என்று சொன்னால் தன் குடம் ஒன்று பின்னால் போகுமே என்று யாரும் சொல்லவில்லை. அவளும் அம்மாவிடம் போகாமல் வரிசையில் நின்றிருக்கிறாள், அப்பா தானாக நிமிர்ந்து பார்ப்பார் என்று.

பேச்சியக்கா சட்டென்று ஒரு சொம்பைக் காடியில் பிடித்து நீட்டினாள். பொன்செல்வி அண்ணாந்து முழுச் சொம்பையும் குடித்தாள். "இனிப்பாத்தான் இருக்குப்பா" என்றாள். அதில் குத்தலே இல்லை, அதுதான் சுயம்புலிங்கத்தைக் கொன்றது.

அவர் எழுந்தார். முன் சக்கரத்துக் கல்லைக் காலால் உதைத்தார், பின் சக்கரத்துக் கல்லைக் குனிந்து எடுத்து ஓரமாகப் போட்டார். வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அவர் முன் சீட்டுக் கதவைத் திறந்து, தோளில் கிடந்த துண்டால் சீட்டைத் தட்டினார்.

"ஏறும்மா."

"எதுக்குப்பா? அந்தா தெரியுது வீடு. நடந்துருவேன்."

"ஏறு."

"காரு நவுந்தா தண்ணி நின்னுரும்னு அம்மா சொன்னாளே."

"ஏறும்மா" என்றார் மறுபடியும். பொன்செல்வி அவர் முகத்தைப் பார்த்தாள், ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

தெருவில் ஒருத்தராவது குறுக்கே வந்து விழுந்திருக்கலாம். ஆத்திரம் இல்லாமல் இல்லை, அன்றைக்குச் சமைக்கக் கூடத் தண்ணீர் பிடிக்காதவர்கள் நிறையப் பேர். ஆனால் பிள்ளைத்தாய்ச்சி முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், பெற்றவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறான், எப்படிப் போய் விழுவது? கார் நின்று நின்றே காற்று இறங்கிப்போன டயர்களோடு கரகரவென்று நகர்ந்தது. காடியில் தண்ணீர் நின்றது. பானெட்டிலிருந்து பூச்சரம் வழுக்கி விழுந்தது. கம்பத்திலிருந்து எட்டாவது வீடு அவருடையது. அந்தத் தூரத்தை அவர், பள்ளம் பார்த்து, மேடு பார்த்து, மகளுக்கு அலுங்காமல், ஊர் விட்டு ஊர் போகிறவர் மாதிரி ஓட்டினார். பின்னால் தெரு முழுக்க வெறுங்குடங்களோடு நடந்து வந்தது. புழுதியில் மிச்சத் தண்ணீர் சொட்டிய ஈரக்கோடு ஒன்று நாலாவது வீடு வரைக்கும் வந்தது, அதற்கப்புறம் இல்லை. அதன் பிறகு அந்தக் காரிலிருந்து தண்ணீரோ ஆயிலோ எதுவும் ஒழுகவேயில்லை, வாசர் இல்லாமலே.

வாசலில் நிறுத்தி ஹாரனை அடித்தார். மாவுக் கையோடு ஓடி வந்த பட்டுக்கனி காரைப் பார்த்தாள், முன் சீட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மகள் இறங்கும்போது அவள் காலில் இருந்த புழுதியையும் பார்த்தாள்.

"பிள்ளையக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்றார் சுயம்புலிங்கம், ஸ்டியரிங்கை விடாமல்.

பட்டுக்கனி ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் பொன்செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாம்மா" என்றாள். "அப்பாதான் கூட்டிட்டு வந்தாவ."

குடங்களோடு நின்ற தெருவில் ஒருத்தர்கூட இல்லையென்று சொல்லவில்லை.